கிலோ என்ன விலை?

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்ததும் தோழி ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், அரசு விடுதியில் தங்கியிருப்பவள், கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே வெனிலா மணக்கும் மாவுக் கரைசல். அதுதான் மதியச் சாப்பாடு, இரவுக்கும் அதுதான் என்றாள்.

விசாரித்தோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு ‘ஊட்டச்சத்து மையம்’. ‘இலவசமாக எடை பாருங்கள்’ என்று தட்டி வைத்திருக்கிறார்கள். இலவசம்தானே என்று ஏறியிருக்கிறாள். ஒரு கருவியில் நிற்க வைத்து, உடம்பில் இவ்வளவு கொழுப்பு, ‘உடம்பின் வயது’ 38 என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு வயது 19. “இப்படியே விட்டா நாளைக்குக் குழந்தை பிறக்காது கண்ணு” என்று அங்கிருந்த அக்கா பரிவோடு சொல்லியிருக்கிறார். மாதம் 5,200 ரூபாய். இரண்டு மாதம் கட்டிவிட்டாள். கல்வி உதவித்தொகையில் வந்த பணம். மூன்று கிலோ குறைந்தது. தேர்வு நேரத்தில் கையில் காசில்லாமல் மாவை நிறுத்தியதும் நான்கு கிலோ ஏறியது. மறுபடி போனபோது, “மூணு பேரைக் கூட்டிட்டு வா, உனக்கு விலை குறையும்” என்றிருக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் யார் யாரைக் கேட்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதே விடுதியில் ஒரு கல்லூரி மாணவிக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அரசு ஒதுக்குவது மாதம் 1,500 ரூபாய். அதுவும் 2023இல் உயர்த்திய பிறகு. சாப்பிட 1,500, சாப்பிடாமல் இருக்க 5,200. இந்தக் கணக்குதான் எங்களை எழுத வைத்தது.

‘இது நம் பிரச்சினையா?’

எழுதப் போகிறோம் என்றதும் எங்களுக்குள்ளேயே மறுப்பு வந்தது. “பசியைப் பற்றிப் பேசுகிற நாம் தொப்பையைப் பற்றி எழுதுவதா? அது வசதி படைத்தவர்களின் கவலை” என்றார் மூத்த தோழர் ஒருவர். மரியாதையோடு மறுக்கிறோம்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 31. அதே கணக்கெடுப்பு சொல்லும் இன்னொரு எண்: அதே வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே உடம்பில், எடையும் இருக்கிறது, சத்துக்குறைவும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு போன்ற முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் பணக்காரர்களைவிட ஏழைகளிடம்தான் நீரிழிவு அதிகம் என்றது. சர்க்கரை ‘பணக்கார வியாதி’யாக இருந்த காலம் மலையேறிவிட்டது. வியாபாரிக்கு இது நமக்கு முன்பே தெரியும். அதனால்தான் அவன் கடையைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே போட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யாரையும் எடையைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ‘குண்டு’ என்று கேலி செய்கிறவனுக்கு நாம் துணை போக முடியாது. ஒருவரின் உடம்பைக் காட்டி அவரை இழிவுபடுத்துவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லி, மூட்டு வலியால், சர்க்கரைக்குப் பயந்து. அவர்களிடம் இந்த வியாபாரம் என்ன விலை வாங்குகிறது, என்ன கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

விலையும் பலனும்

நம் ஊர் மையங்கள் ‘முன் – பின்’ படங்களைப் போடுகின்றன. ஓராண்டு கழித்து அதே ஆட்கள் என்ன எடையில் இருக்கிறார்கள் என்று போடுவதில்லை. அளந்து பார்த்த கணக்குகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்தான் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்தே பேசுவோம்.

2015இல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. நாடு முழுக்க விற்கப்பட்ட 32 எடைக் குறைப்புத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, எவற்றுக்கு முறையான சோதனை நடந்திருக்கிறது என்று தேடினார்கள். 11 திட்டங்களுக்கு மட்டுமே நடந்திருந்தது. மீதி 21? பணம் வாங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

ஓராண்டு வரை பலன் நின்றதற்கு ஓரளவு நல்ல சான்று இருந்தவை வெயிட் வாட்சர்ஸ், ஜென்னி கிரெய்க் என்ற இரண்டு. வெறும் அறிவுரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் முதலாவதில் சேர்ந்தவர்கள் குறைந்தது 2.6 சதவீதம் கூடுதலாக எடை இழந்தார்கள், இரண்டாவதில் 4.9 சதவீதம். 80 கிலோ உள்ள ஒருவருக்கு இது இரண்டு கிலோ, நான்கு கிலோ. விலையைப் பாருங்கள்: முதலாவது மாதம் சுமார் 43 டாலர். இரண்டாவது, அவர்களே தரும் உணவுப் பொட்டலங்களையும் சேர்த்து, சுமார் 570 டாலர். சாப்பாட்டுச் செலவும் அதற்குள் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் 13 மடங்கு விலைக்கு இரண்டு மடங்குகூட இல்லாத பலன்.

மாவுக் கரைசல் போன்ற மிகக் குறைந்த கலோரித் திட்டங்களைப் பற்றியும் அந்த ஆய்வு சொன்னது: முதலில் வேகமாகக் குறைகிறது, ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பலன் தேய்கிறது. நம் தோழிக்கு நடந்தது அவளுடைய மனவுறுதிக் குறைவு அல்ல.

கிலோவுக்கு என்ன விலை என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2014இல் வந்த ஆய்வு ஒன்றின்படி, ஒரு கிலோ குறைக்க வெயிட் வாட்சர்ஸில் ஆகும் சராசரிச் செலவு 155 டாலர். ஆர்லிஸ்டாட் மாத்திரையில் 546 டாலர். கிலோ என்ன விலை என்று கேட்காமல் நாம் கத்தரிக்காய்கூட வாங்குவதில்லை. இந்தக் கடையில் மட்டும் ஏன் கேட்பதில்லை? வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. வெட்கப்படுகிறவர் பேரம் பேச மாட்டார் என்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம்.

அந்த இரண்டு கிலோவாவது நிற்கிறதா? 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 1,267 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சிறு கையேடு. ஒரு பிரிவுக்கு 12 வாரம் வெயிட் வாட்சர்ஸ். ஒரு பிரிவுக்கு 52 வாரம். ஓராண்டு முடிவில் முறையே 3.3, 4.8, 6.8 கிலோ குறைந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 2.3, 3.0, 4.3 ஆகச் சுருங்கிவிட்டது. ஓராண்டு முழுக்க வாராவாரம் போனவருக்கும், ஒரு கையேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கும் இடையே கடைசியில் மிஞ்சிய வித்தியாசம் இரண்டு கிலோ. இரண்டு கிலோவும் ஒரு பலன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது நன்றாக நடத்தப்பட்ட, நன்றாக அளக்கப்பட்ட திட்டத்தின் கதி. ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ தட்டிகளின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கசக்கும் ஒரு கணக்கு

தனியார் மோசம், அரசு செய்தால் சரியாகிவிடும் என்று இங்கே முடித்துவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். பர்மிங்காம் நகரில் 740 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அரசு மருத்துவ சேவையின் கீழ், மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் தனித்தனியே உட்கார வைத்து ஆலோசனை சொன்ன திட்டங்கள் செலவு அதிகம், பலன் குறைவு என்று தெரியவந்தது. வாராவாரம் கூட்டம் நடத்திய தனியார் திட்டங்கள் மலிவாகவும் இருந்தன, பலனும் கூடுதலாக இருந்தது. ஓராண்டு முடிவில், உடற்பயிற்சிக்கூடத்துக்கு இலவச அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கியவர்களைவிடத் தெளிவாக முந்தியது வெயிட் வாட்சர்ஸ் மட்டுமே.

இதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் என்று கேட்க வேண்டும். வெயிட் வாட்சர்ஸ் எங்கிருந்து வந்தது? 1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி தோழிகள் சிலரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். தின்றதை, மறைத்துத் தின்றதை, அவமானப்பட்டதை வாராவாரம் பேசினார்கள். காசு இல்லை, மாவு இல்லை. 1963இல் அது நிறுவனமாயிற்று. அதாவது வேலை செய்தது கூட்டம். ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்கிறவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யாரையும் பழிக்காமல், வாராவாரம் தொடர்ந்து பேசுவது. நிறுவனம் அதற்குச் சீட்டு அடித்து விற்றது.

கூடுவதும், பேசுவதும், தொடர்ந்து வருவதும் நாம் காலங்காலமாகச் செய்துவருகிற வேலை. சேரிகளில் இரவுப் பாடசாலை நடத்தியவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு கூட்டத்தில் உட்கார மாதம் 5,200 ரூபாய் கட்ட வேண்டுமா?

மாவே மோசடி என்றும் சொல்லவில்லை. பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வில், மாவுக் கரைசலை மட்டும் சில மாதம் கொடுத்து, பிறகு படிப்படியாக வழக்கமான சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததில், ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவு அடங்கியது. ஆனால் அது அரசு மருத்துவர், செவிலியர் மேற்பார்வையில், சர்க்கரை நோயாளிகளுக்கு, நோயாளியிடம் காசு வாங்காமல் நடந்தது. மாடியில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் 19 வயதுப் பெண்ணுக்குக் கரைத்துக் கொடுத்தது அல்ல.

இப்போது ஊசி

மனவுறுதியை 60 ஆண்டு விற்ற அதே வெயிட் வாட்சர்ஸ், 2023இல் எடைக் குறைப்பு ஊசிக்கு இணையவழியில் மருந்துச்சீட்டு எழுதித்தரும் நிறுவனம் ஒன்றை வாங்கியது. 2025 மே மாதம் திவால் மனு போட்டது. ஜென்னி கிரெய்க் 2023இலேயே தன் மையங்களை மூடிவிட்டது. ஊசி வந்துவிட்டதே காரணம் என்கிறார்கள்.

ஊசி வேலை செய்கிறது. செமாக்ளூடைடு சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெறும் மருந்தற்ற ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். எந்த மையமும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஆகவே விலையை மாதக் கணக்கில் பார்க்க முடியாது, ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று, நான்கு வாரத்துக்கு 17,500. நூறு நாள் வேலையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு மாத ஊசிக்கு 52 நாள் மண் சுமக்க வேண்டும். மருந்து விலை இறங்கலாம், இறங்க வேண்டும். நிஜமாகத் தேவைப்படும் நோயாளிக்கு அரசு மருத்துவமனையில் அது கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கடன் வாங்கித் தொடங்கி, பாதியில் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

எடை குறையாமலே

இந்த வியாபாரம் நம்மிடம் மறைக்கும் முக்கியமான உண்மை சென்னையிலேயே கண்டறியப்பட்டது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அது. நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் சொல்லி மூன்றாண்டு தொடர்ந்தார்கள். நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். கவனியுங்கள்: அந்தப் பலன் வந்தபோது அவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை! தராசு முள் அசையாமலே உடம்பு தேறியது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: இதைச் சாப்பிடுங்கள், இவ்வளவு நடங்கள் என்று. இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி வராதவர்களில் 27 சதவீதம். குறுஞ்செய்திக்கு என்ன விலை?

தட்டில் இருப்பது

“வாயைக் கட்டு, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறவர்கள் நம் தட்டைப் பார்த்ததில்லை. ரேஷனில் அரிசி இலவசம். அது போராடிப் பெற்றது, அதில் ஒரு பிடியும் விட்டுத்தர மாட்டோம். ஆனால் பருப்பு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. அதில் உள்ள புரதம் ஏறக்குறைய 220 கிராம். நான்கு பேர், 30 நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம்கூட வரவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. தட்டில் சோறு குவிவது பேராசையால் அல்ல, வேறு எதுவும் இல்லாததால்.

மையங்கள் தரும் உணவுப் பட்டியலில் பாதாம், பனீர், ஆலிவ் எண்ணெய், ஓட்ஸ். கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. நம் தெருவில் கிடைக்கும் மலிவான, நல்ல புரதம். எங்கள் தோழிக்குக் கொடுத்த பட்டியலில் அது இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் இங்க பேசாத கண்ணு” என்றாராம் அதே அக்கா. சத்து எது என்பதைச் சாதி முடிவு செய்கிற நாட்டில், எடைக் குறைப்பு அட்டவணை மட்டும் தப்புமா? முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, மத்தி மீன், கீரை எல்லாம் நம் கைக்கு எட்டுபவை. மாதம் 5,200 ரூபாய்க்கு ஒரு குடும்பமே இவற்றைச் சாப்பிடலாம்.

நடைக்கும் இதே கதைதான். மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்து 2023இல் அரசு திட்டம் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் விளக்கில்லாத காலனித் தெருவில் விடியற்காலை ஒரு பெண் எங்கே நடப்பாள்? ஊர்த்தெரு வழியாக நடந்தால் எத்தனை கண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்?

என்ன செய்யலாம்

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓராண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று குறைந்த எடையில் இருக்கிறார்கள்? நிறுத்தினால் என்ன ஆகும்? எனக்கு அறிவுரை சொல்லும் உங்கள் தகுதி என்ன? பதில் வராத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள். ஆள் சேர்த்தால் விலை குறையும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆளைச் சேர்த்து ஆள்மேல் சம்பாதிக்கும் பிரமிடு திட்டங்களை 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதன் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவை தொடர்பாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை: விடுதி மாணவர் உணவுப்படி 1,500 ரூபாய் போதாது. இன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். தினம் முட்டையும், விரும்புகிறவர்களுக்கு இறைச்சியும் இருக்க வேண்டும். ரேஷனில் பருப்பு அளவு கூட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண்கள் மாத்திரை கொடுத்து இரத்த அழுத்தம் பார்ப்பதோடு, தெருவுக்கு ஒரு வாரக் கூட்டத்தையும் நடத்தட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனி ஊதியம் கொடுங்கள். காலனித் தெருவுக்கு விளக்குப் போடுங்கள்.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அந்தத் தோழி மூன்று மாதமாக நம்மோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடாததை நம்மில் யாரும் கவனிக்கவில்லை. அவளை ‘குண்டு தோழர்’ என்று செல்லமாகக் கூப்பிட்டவர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள். மாடி மையத்துக்கு அவளை அனுப்பியதில் அந்தச் செல்லத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பெயரை வட்டத்தில் இனி யாரும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

இந்த மாதத்திலிருந்து வாசிப்பு வட்டம் முடிந்ததும் ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து நடக்கிறோம். எடை பார்ப்பதில்லை. சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து வரும், பங்கிட்டுச் சாப்பிடுவோம். போன ஞாயிறு அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். மையத்தின் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை அன்றைக்கே எழுதி முடித்தோம். உங்கள் ஊரில் இப்படி ரசீது வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களோடு உட்காருங்கள். மனு எழுத நாங்களும் வருகிறோம்.